நான்கு மாதப் பீரில் நனைந்த அட்டை வாசனை: தவறு கிடங்கிலா, ஆலையிலா?

பாண்டிக்கடைக்காரன் (மே 19, இரவு 10.40)

வணக்கம். என் மாமா பாண்டிச்சேரியில் மதுக்கடை உரிமம் வைத்திருக்கிறார். இதய அறுவை சிகிச்சை முடிந்து அவர் ஓய்வில் இருப்பதால் பிப்ரவரி மாதக் கடைசியிலிருந்து கல்லாவில் நான்தான் உட்கார்ந்திருக்கிறேன். எனக்குத் தெரிந்த தொழில் கணினிப் பழுது பார்ப்பது. பீரைக் குடிக்கத் தெரியும், வைத்திருக்கத் தெரியாது என்பது இந்த மே மாதம்தான் உறைத்தது.

பத்து நாளாக ஒரே ரக லாகர் பீர், 650 மில்லி பாட்டில், திரும்பி வந்துகொண்டிருக்கிறது. முதலில் கொண்டுவந்தவர் எங்கள் தெருக் கொத்தனார். பாதி குடித்த பாட்டிலைக் கல்லா மேல் வைத்து, "தம்பி, மழையில் நனைந்த அட்டைப்பெட்டியைப் பிழிந்து ஊற்றியது போல இருக்கிறது" என்றார். சண்டைக்கு வந்திருந்தால் சமாளித்திருப்பேன். அவர் வருத்தப்பட்டார், அதுதான் தாங்கவில்லை. நானும் ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். நுரை வருகிறது, வாயு இருக்கிறது, புளிப்பு இல்லை, கலங்கலும் இல்லை. ஆனால் கசப்பு மழுங்கிப்போய், விழுங்கிய பிறகு பழைய காகிதம் மென்றது போல ஒரு வாசனை தொண்டையில் நிற்கிறது.

லேபிளில் ஜனவரி தேதி. ஆறு மாதம் வரை என்று அச்சடித்திருக்கிறது. ஆலையின் பிரதிநிதி, "தேதி இருக்கிறதே, பிறகென்ன" என்கிறார். விநியோகஸ்தர், "நாங்கள் நல்ல சரக்கைத்தான் இறக்கினோம், உங்கள் குடோனைப் பாருங்கள்" என்கிறார். குடோன் கடைக்குப் பின்னால், மேற்குப் பார்த்த சுவர், தகரக் கூரை. பன்னிரண்டு பாட்டில் பெட்டிகளை எட்டு அடுக்கு வரை ஏற்றி வைத்திருக்கிறோம். கடைக்குள் கண்ணாடிக் கதவு போட்ட கூலர் இரண்டு. இரவில் மின்வெட்டு வந்தால் அதில் இருப்பது சூடேறி, மின்சாரம் வந்ததும் மறுபடி குளிரும். அதனால் கெட்டிருக்குமா?

இன்னொன்று. முன் அலமாரியில் அழகுக்காக நிற்கவைத்திருந்த பச்சைப் பாட்டில் பீரை வாங்கிய ஒருவர், எரிந்த ரப்பர் நாற்றம் என்று திட்டிவிட்டுப் போனார். இரண்டும் ஒரே நோயா?

ராஜாளி (மே 19, இரவு 11.15)

ஒருமுறை குளிர்ந்த பீர் மறுபடி சூடானால் செத்தது. எங்கள் அப்பா காலத்திலிருந்து சொல்வது. கூலருக்கு ஒரு ஜெனரேட்டர் போடுங்கள், வேறு ஆராய்ச்சி வேண்டாம்.

பழையமூக்கு (மே 20, காலை 6.05)

ராஜாளி ஐயா, உங்கள் அப்பா சொன்னதை ஆலையில் சேர்ந்த முதல் வருடம் நானும் நம்பினேன். குளிர்ந்து சூடாவதால் மட்டும் பீர் சாவதில்லை. மொத்தத்தில் எத்தனை மணி நேரம் எவ்வளவு சூட்டில் கிடந்தது என்பதுதான் கணக்கு. இரண்டு மணி நேர மின்வெட்டில் மூடிய கூலருக்குள் இருக்கும் பாட்டில் சில டிகிரி ஏறி இறங்கும், அவ்வளவே. அதே நேரத்தில் தகரத்துக்கு அடியில் இருக்கும் பெட்டி பகலெல்லாம் வாங்கிய சூட்டோடு கிடக்கிறது. ஜெனரேட்டருக்குக் கொடுக்கும் பணத்தைக் கூரைக்குக் கொடுங்கள்.

நான் 27 வருடம் ஒரு பீர் ஆலையின் பாட்டிலிங் பிரிவில், தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் இருந்தேன். காலை பத்து மணிக்கு வரிசையாக ஆறு கிளாஸ் முகர்ந்து, ஆறு வாய் குடித்து, தாளில் எழுதிவைப்பது வேலையின் ஒரு பகுதி. ஒயின் சுவைப்பவர்கள் துப்பிவிடுவார்கள். பீரை விழுங்கித்தான் பார்க்க வேண்டும், கசப்பு கடைசியில்தான் தெரியும். இதை என் மாமியாருக்குப் புரியவைக்க 27 வருடமும் போதவில்லை.

தம்பி, முதலில் நோயைப் பிரித்துக்கொள்வோம். புளிப்போ கலங்கலோ இருந்தால் கிருமி என்று சந்தேகிக்கலாம். பாட்டில் பீரைப் பெரும்பாலும் மூடிய பிறகு சுரங்கம் போன்ற ஓர் இயந்திரத்துக்குள் அனுப்பி, சுடுதண்ணீர் தெளித்து, 60 டிகிரி வரை ஏற்றி இறக்குவார்கள். கிருமிகள் அதோடு முடிந்தன. ஆனால் அந்தச் சூடு ஆக்சிஜனை ஒன்றும் செய்யாது. நனைந்த அட்டை வாசனை ஆக்சிஜனும் காலமும் சேர்ந்து செய்யும் வேலை. ட்ரான்ஸ்-2-நோனினல் என்று ஒரு பொருள். லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராமில் பத்தில் ஒரு பங்கு இருந்தாலே மூக்கு பிடித்துவிடும். உங்கள் கொத்தனார் பிடித்தது அதைத்தான். நல்ல மூக்கு, விட்டுவிடாதீர்கள்.

ஆலைக்குள் எங்கள் போராட்டம் முழுவதும் காற்றோடுதான். காலிப் பாட்டிலிலிருந்து காற்றை உறிஞ்சி, கரியமில வாயுவை ஊதி, மறுபடி உறிஞ்சி, மறுபடி ஊதி, அதன் பிறகுதான் பீரை இறக்குவோம். அப்போதும் கழுத்தில் ஒரு விரற்கடைக் காற்று மிச்சம் இருக்கும். அதை விரட்ட ஒரு வேடிக்கையான வேலை செய்வோம். மூடி போடும் இயந்திரத்துக்குச் சற்று முன்னால் ஊசிமுனைத் துளை ஒன்று, அதிலிருந்து நூல் போல் சுடுதண்ணீர் பீச்சும். அது பீரின் மேல் பட்டதும் நுரை பொங்கிக் கழுத்து வழியே ஏறும். அந்த நுரை காற்றை வெளியே தள்ளிவிட்டு விளிம்பில் தொப்பி போல் நிற்கும் நொடியில் மூடி விழ வேண்டும். நுரை பொங்கி வழிந்தால் பீர் வீண். கழுத்துக்குக் கீழே நின்றுவிட்டால் காற்று உள்ளே. பீரின் எடையில் கோடியில் ஒரு பங்குக்கு மேல் ஆக்சிஜன் பாட்டிலுக்குள் இருக்கக் கூடாது என்பது இன்றைய நல்ல ஆலைகளின் இலக்கு. உங்கள் 650 மில்லி பாட்டிலுக்குக் கணக்குப் போட்டால், கால் மில்லி காற்று மிஞ்சினாலே அது நிரம்பிவிடும். ஐந்து சொட்டு அளவுக் காற்று!

ஒரு இரவு ஷிப்டில் அந்தத் துளையில் உப்புப் படிந்து நீரின் அழுத்தம் குறைந்துவிட்டது. வரிசையில் நின்ற பையன் கவனிக்கவில்லை, ஷிப்டில் இருந்த நானும் தேநீர் குடிக்கப் போயிருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் நுரைத் தொப்பி இல்லாமல் பாட்டில்கள் மூடிக்கொண்டு போகின்றன. ஒரு மணி நேரச் சரக்கைத் தனியே ஒதுக்கினோம். அன்று குடித்தால் எந்த வித்தியாசமும் இல்லை, எல்லோரும் என்னைக் கேலி செய்தார்கள். ஆறு வாரம் கழித்து எடுத்துவைத்த மாதிரிப் பாட்டிலைத் திறந்தபோது அட்டைப்பெட்டி. ஆகவே ஆலை மேலும் தவறு இருக்கலாம், அதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் ஆக்சிஜன் எவ்வளவு இருந்தாலும் அது எவ்வளவு வேகமாக வேலை செய்யும் என்பதைத் தீர்மானிப்பது சூடு. வெளிநாட்டு ஆலைக்காரர்கள் ஒரு வாய்ப்பாடு சொல்வார்கள்: 3, 30, 300. அதாவது 32 டிகிரியில் 3 நாள், 22 டிகிரியில் 30 நாள், 3 டிகிரியில் 300 நாள், மூன்றும் பீருக்கு ஒரே முதுமை. பையன்களைப் பயமுறுத்த நல்ல வாய்ப்பாடு, கொஞ்சம் மிகை. ஆய்வகத்தில் நாங்கள் எடுத்துக்கொண்டது பத்து டிகிரி ஏறினால் வேகம் இரண்டு மடங்கிலிருந்து மூன்று மடங்கு. அந்தக் கணக்கிலேயே பாருங்கள். 40 டிகிரியில் ஒரு வாரம் கிடந்த பாட்டில், 20 டிகிரியில் ஒரு மாதத்திலிருந்து இரண்டு மாதம் கிடந்த பாட்டிலுக்குச் சமம். புதுச் சரக்கு எத்தனை நாள் தாங்கும் என்று சீக்கிரம் தெரிந்துகொள்ள நாங்கள் பாட்டில்களை ஒரு சூட்டுப்பெட்டியில் 40 டிகிரியில் அடைத்து வேண்டுமென்றே கிழடாக்குவோம். அந்தப் பெட்டியைத்தான் உங்கள் மாமா தகரத்தில் கட்டி வைத்திருக்கிறார்.

லேபிளில் இருக்கும் ஆறு மாதம் உங்கள் குடோனைப் பார்த்து எழுதியதல்ல.

இது புதுப் பிரச்சினையும் அல்ல. லாகர் என்ற சொல்லுக்கே ஜெர்மன் மொழியில் கிடங்கு என்றுதான் பொருள். கோடையில் காய்ச்சிய பீர் கெட்டுப்போகிறது என்று 1553இல் தெற்கு ஜெர்மனியின் பவேரியாவில் ஏப்ரல் 23 முதல் செப்டம்பர் 29 வரை காய்ச்சவே தடை போட்டார்கள். குளிர்காலத்தில் காய்ச்சியதைக் கோடைவரை காப்பாற்ற நிலவறை தோண்டினார்கள், ஏரிப் பனிக்கட்டியை வெட்டி உள்ளே அடுக்கினார்கள். மியூனிக்கில் நிலவறைக்கு மேல் ஜல்லி பரப்பி, அகன்ற இலை உள்ள செஸ்நட் மரங்களை நிழலுக்காக நட்டார்கள். பிறகு அந்த நிழலிலேயே மேசை போட்டு விற்கத் தொடங்கினார்கள், அதுதான் இன்றைய பீர்த் தோட்டம். 1870களில் கார்ல் வான் லிண்டே என்ற பொறியாளர் குளிரூட்டும் இயந்திரத்தை அங்கே ஸ்பாட்டன் ஆலையில் ஓட்டிக்காட்டிய பிறகுதான் கோடையைப் பற்றிய பயம் போனது. உங்களுக்குச் செஸ்நட் தேவையில்லை. தகரத்துக்கு மேல் தென்னங்கீற்று போடுங்கள், அதுவே பெரிய வித்தியாசம்.

பச்சைப் பாட்டில் வேறு நோய். அது வெளிச்சம். ஹாப்ஸ் என்று பீரில் சேர்க்கும் ஒரு பூவின் கசப்புப் பொருளும் பீரில் இயல்பாக இருக்கும் ரிபோஃப்ளேவின் என்ற வைட்டமினும் வெளிச்சம் பட்டதும் சேர்ந்து கந்தக வாடை கிளப்பும். நேர் வெயிலில் சில நிமிடம் போதும். அமெரிக்காவில் ஸ்கங்க் என்று நாற்றத்தைப் பீச்சும் ஒரு பிராணி உண்டு, அதன் பெயரையே இந்த வாடைக்கு வைத்திருக்கிறார்கள். அதை முகர்ந்திராத நம் மூக்குக்கு எரிந்த ரப்பர். பழுப்புக் கண்ணாடி அந்த வெளிச்சத்தைப் பெரும்பாலும் தடுத்துவிடும், பச்சை தடுக்காது, நிறமற்றது சுத்தமாகத் தடுக்காது. நிறமற்ற பாட்டிலில் விற்கும் சில ஆலைகள் வெளிச்சத்தில் கெடாதபடி மாற்றிய ஹாப்ஸ் சாற்றைச் சேர்ப்பது இதனால்தான். பச்சைப் பாட்டிலைப் பெட்டியிலிருந்து எடுக்கவே எடுக்காதீர்கள். அழகுக்கு வேண்டுமானால் காலிப் பாட்டிலை வையுங்கள்.

குடோனா ஆலையா என்று தெரிய ஒரே வழி: உங்கள் பாட்டிலில் இருக்கும் அதே பேட்ச் எண் உள்ள பாட்டிலை, குளிர்ந்த இடத்தில் சரக்கு வைத்திருக்கும் வேறு கடையில் தேடி வாங்குங்கள். இரண்டையும் ஒரே குளிருக்குக் கொண்டுவந்து, மூன்று கிளாஸில் ஊற்றுங்கள். இரண்டில் ஒரே பீர், ஒன்றில் மற்றது. எது எதுவென்று தெரியாதவர்களிடம் கொடுத்து, ஒட்டாத கிளாஸ் எது என்று மட்டும் கேளுங்கள். "எது நன்றாக இருக்கிறது" என்று கேட்காதீர்கள், மரியாதைக்காகப் பொய் சொல்வார்கள். ஒருவர் சொன்னால் குருட்டு அதிர்ஷ்டமாக இருக்கலாம், நாலைந்து பேரிடமாவது பாருங்கள்.

வடமராட்சியான் (மே 20, பிற்பகல் 3.30)

நான் லண்டனில் ஒரு மதுச்சாலையின் நிலவறையைப் பன்னிரண்டு வருடமாகப் பார்த்துக்கொள்கிறேன். பழையமூக்கு ஐயா போத்தல் பியர் பற்றிச் சொன்னார். எனக்கு வாய்த்தது உயிரோடு இருக்கும் பியர். பீப்பாய்க்குள் ஈஸ்ட் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கும், சுடவைப்பதும் இல்லை, வடிப்பதும் இல்லை. நிலவறையில் 11 முதல் 13 டிகிரி. அதற்கு மேலே ஏறினால் பீப்பாய் கோபப்படும், கீழே இறங்கினால் உறங்கிவிடும்.

பீப்பாயை மரச்சட்டத்தில் கிடத்தி, மேல்துளையில் மென்மரத்தாலான முளையை அடித்துவிட்டால் வாயு மெல்லக் கசியும். முளையைச் சுற்றி நுரை வந்துகொண்டே இருக்கும், துடைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் மறுபடி வந்திருக்கும். நுரை அடங்கிய பிறகு கடினமுளையை மாற்றி, வண்டல் இறங்கும்வரை காத்திருக்க வேண்டும். குழாய் திறந்து விற்கத் தொடங்கினால் வெளியே போகும் ஒவ்வொரு கிளாஸுக்கும் ஈடாகக் காற்று உள்ளே வருகிறது. மூன்று நாளுக்குள் முடிக்க வேண்டும். நாலாம் நாள் மிஞ்சியதை நான் கழிவுநீரில் ஊற்றியிருக்கிறேன், முதலாளி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்க. ஊரில் கள்ளுத் தவறணையில் காலையில் இறக்கிய கள் அன்றைக்கே முடிய வேண்டும் என்று அறிந்த எனக்கு இதில் அதிசயம் ஒன்றுமில்லை.

தம்பிக்கு உதவக்கூடியது ஒன்றுதான். வந்த திகதியைப் பீப்பாயின் முகத்தில் சோக்கட்டியால் பெரிதாக எழுதிவிடுவேன். இருட்டில் நின்று லேபிளில் பொடி எழுத்தைத் தேடி வாசிக்க எந்த வேலையாளும் மெனக்கெட மாட்டான். கை எட்டும் பெட்டியைத்தான் தூக்குவான். உங்கள் குடோனில் எந்தப் பெட்டி முதலில் வெளியே போகிறது என்று பார்த்தீர்களா?

ஓட்டுவீடு (மே 20, இரவு 8.10)

பழையமூக்கு ஐயா, பீரைப் பற்றி நீங்கள் சொன்னதில் தலையிட மாட்டேன். ஆனால் அட்டைப்பெட்டி அடுக்கிய குடோனுக்கு மேல் தென்னங்கீற்று போடச் சொல்லாதீர்கள். பக்கத்து வீட்டில் ஒரு ராக்கெட் வெடி போதும். தகரத்தின் மேல் வெள்ளைச் சுண்ணாம்பு இரண்டு கோட் அடித்து, உள்ளே ஒரு பொய்க்கூரை போட்டு, இடையில் காற்றுப் போக வழிவிட்டால் போதும். மேற்குச் சுவரை ஒட்டி எதையும் அடுக்க வேண்டாம், ஒரு முழம் தள்ளி வையுங்கள்.

பழையமூக்கு (மே 20, இரவு 9.00)

ஒப்புக்கொள்கிறேன், கீற்று வேண்டாம். ஆலையிலேயே ஓய்வுபெறும்வரை தீயணைப்புப் பயிற்சிக்கு டிமிக்கி கொடுத்தவன் நான்.

வடமராட்சியான் கேட்ட கேள்விக்குத் தம்பி பதில் சொல்லட்டும். அதில்தான் விஷயம் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

பாண்டிக்கடைக்காரன் (மே 25, இரவு 11.30)

எல்லோருக்கும் நன்றி. ஐந்து நாளாகக் குடோனிலேயே குடியிருந்தேன்.

முதலில் வெப்பமானி. பிற்பகல் மூன்று மணிக்கு எட்டாம் அடுக்கின் மேல் 43 டிகிரி, தரையில் 34. இரவு பத்து மணிக்கும் மேலடுக்கு 36க்குக் கீழே இறங்கவில்லை. வெளியே கடற்காற்று வீசிக்கொண்டிருக்கிறது, உள்ளே சட்டை முதுகில் ஒட்டுகிறது.

அடுத்து வடமராட்சியான் அண்ணனின் கேள்வி. வெட்கமாக இருக்கிறது. லோடு வந்தால் பையன்கள் வாசல் பக்கமே அடுக்கிவிடுகிறார்கள், உள்ளே வழி இல்லாததால். விற்பனைக்கு எடுப்பதும் வாசல் பக்கத்திலிருந்து. மார்ச்சில் வந்தது போனது, ஏப்ரலில் வந்தது போனது, ஜனவரியில் வந்தது மேற்குச் சுவரோடு ஒட்டி அப்படியே கிடந்தது. மே முதல் வாரம் லோடு தாமதமானதும் பையன்கள் உள்ளே போய் அதை இழுத்திருக்கிறார்கள். அன்றிலிருந்துதான் புகார். இன்னும் 14 பெட்டி மிச்சம். சுவரைத் தொட்டுக்கொண்டிருந்த பக்கத்தில் அட்டையே பழுப்பேறி நொறுங்குகிறது.

அதே பேட்ச் எண் இரண்டு நாள் தேடலுக்குப் பிறகு கிடைத்தது. குளிரூட்டிய கிடங்கு வைத்திருக்கும் ஒரு பெரிய கடையில். மூன்று கிளாஸ் சோதனை வீட்டுத் திண்ணையில் நடந்தது. கொத்தனார், அவருடைய சித்தாள், பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், நான் (ஊற்றியது மாமா, எனவே எனக்கும் தெரியாது). கொத்தனாரும் ஆசிரியரும் நானும் சரியாகச் சொன்னோம், சித்தாள் தவறவிட்டார். மாமா குடிக்கக் கூடாது என்பதால் முகர்ந்து மட்டும் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். எங்கிருந்தோ வந்த அத்தை, வாழ்நாளில் ஒரு சொட்டும் குடித்திராதவர், மூன்றையும் முகர்ந்து, நடுக் கிளாஸைத் தள்ளிவைத்து, "இதில் ஈர நியூஸ்பேப்பர்" என்றார். அதேதான்.

ஆக ஆலை மேல் தவறில்லை. விநியோகஸ்தரிடம் தொலைபேசியில் அதைச் சொன்னபோது அவர் சிரிக்காமல் இருந்தது பெரிய மனசு. 14 பெட்டியை விற்கப்போவதில்லை, நஷ்டக் கணக்கில் எழுதிவிட்டேன். மாமாவுக்கு மொத்தத் தொகையை இன்னும் சொல்லவில்லை, மருத்துவர் அடுத்த வாரம் பார்க்கிறார்.

குடோனின் நடுவில் ஆள் நடக்க ஒரு பாதை விட்டிருக்கிறேன். ஒரு பக்கம் இறக்குவது, மறுபக்கம் எடுப்பது. ஒவ்வொரு பெட்டியின் முகத்திலும் சோக்கட்டியில் தேதி, நான்கு அடுக்குக்கு மேல் கிடையாது. இடம் போதவில்லை, எனவே மாதம் ஒரு லோடுக்குப் பதிலாக இரண்டு சிறிய லோடு கேட்டிருக்கிறேன். பச்சைப் பாட்டில்கள் பெட்டிக்குள் போய்விட்டன.

கூரைக்குச் சுண்ணாம்பு அடிக்கக் கொத்தனார் ஞாயிற்றுக்கிழமை வருகிறார். கூலி வேண்டாம் என்கிறார். இரண்டு பாட்டில் மட்டும், ஏப்ரல் தேதி, கூலரின் அடித்தட்டிலிருந்து, மூடியைத் தன் கண்ணெதிரே திறக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.